பழைய நாய்... புது நாய்... பத்து நாள் பஞ்சாயத்து!

செங்கல்பட்டு கொளவாய் ஏரிப் பக்கமிருந்து ஒரு வாசகி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். நாலு நிமிஷம் ஓடுகிறது. அதில் மூணு நிமிஷம் அவர் பேசுவதே கேட்கவில்லை. பின்னால் நாய்கள் போடும் சண்டைதான் கேட்கிறது.

விஷயம் இதுதான். காலேஜ் படிக்கும் மகள், பரனூர் டோல்கேட் பக்கம் அடிபட்டுக் கிடந்த ஒரு நாயைத் தூக்கி வந்துவிட்டாள். ‘யாராவது தத்தெடுக்கிற வரைக்கும் நம்ம வீட்டுல இருக்கட்டும்மா’ என்று கெஞ்சல். வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள். மூன்று நாளாக யுத்தம். “ ‘அது போகணும், இல்லைன்னா நான் போறேன்’னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு மேடம். என்ன பண்ணட்டும்?” என்று கேட்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் சகோதரி. இதே வசனத்தை என் வீட்டுக்காரரும் பேசியிருக்கிறார். அவரும் போகவில்லை, அன்றைக்கு நாயும் போகவில்லை. அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது நான்தான். அந்தக் கதையைச் சொன்னால் உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

2022 டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீடு பூஞ்சேரியில். விடிந்து பார்த்தால் முருங்கை மரம் மதில் மேல் சாய்ந்து கிடக்கிறது, கரன்ட் இல்லை. பத்து மணிவாக்கில் ஒரு போன். அடிபட்ட தெருநாய்களுக்கு மருந்து போட்டுவிடும் தம்பிகளில் ஒருவர். “அக்கா, தேவனேரி குப்பத்துல கவுந்த படகுக்கு அடியில ஒரு பொட்ட நாய் கிடக்குது. முன்னங்கால்ல அடி. ஷெல்டர்ல கேட்டுட்டேன், எடமே இல்லையாம். பத்து நாள் மட்டும் வச்சுக்கோங்கக்கா.”

பத்து நாள்! ஃபாஸ்டர் எடுக்கும் எல்லோரிடமும் சொல்லப்படும் முதல் பொய் இது. பாவம், சொல்கிறவருக்கே அது பொய் என்று தெரியாது.

‘மாண்டஸ்’ என்பது ஐக்கிய அரபு அமீரகம் வைத்த பெயர், பொக்கிஷப் பெட்டி என்று அர்த்தம் என்பதை என் மகள் எங்கேயோ படித்திருந்தாள். வந்த நாய்க்கு ‘பொக்கி’ என்று பெயர் வைத்துவிட்டாள். வீட்டில் ஏற்கெனவே இருந்தவர்கள் இருவர். மணிக்கு அப்போது ஒன்பது வயது. திண்ணையும் வாசல் படியும் அவன் சொத்து. செவலைக்கு மூன்று வயது. அவளுக்குச் சொத்தெல்லாம் கிடையாது, சோறு வந்தால் போதும். இரண்டுமே நாட்டு நாய்கள்தான்.

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். மத்தியான சாப்பாட்டு நேரம். மணிக்கும் செவலைக்கும் தட்டு வைத்தாயிற்று. அந்தச் சமயத்தில் முன்வாசல் வழியாகப் பொக்கியைக் கூட்டிக்கொண்டு நுழைந்து, “இவதான் பொக்கி, சண்டை போடாம இருக்கணும்” என்று புது மருமகளை அறிமுகம் செய்வதுபோல் சொன்னேன். மணி மெதுவாக வந்தான். மோந்து பார்த்தான். அப்படியே சிலை மாதிரி நின்றான். ‘ஆஹா, ஏத்துக்கிட்டான்’ என்று நான் சந்தோஷப்பட்ட அடுத்த நொடி, பொக்கியின் காது கிழிந்துவிட்டது. பிரிக்கிறேன் என்று நடுவில் கையை விட்டேன். என் கட்டை விரலில் இரண்டு பல். அது மணியின் பல்லா, பொக்கியின் பல்லா என்று இன்றுவரைக்கும் தெரியாது.

கடித்தது வீட்டு நாய்தானே என்று மஞ்சள் பற்று போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு, 15 நிமிஷம் கழுவ வேண்டும். 15 நிமிஷம் என்பது நினைப்பதைவிட நீளம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். அப்புறம் நேராக ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை. அங்கே ஊசி இலவசம். முதல் நாள் போட்டதும், அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்களிலும் போட வேண்டும். ஒன்றுகூட விடக் கூடாது. புது நாய் எங்கே கடிபட்டிருக்கிறது, தடுப்பூசி போட்டதா என்று யாருக்கும் தெரியாத நிலையில் ரேபிஸ் விஷயத்தில் விளையாட்டே வேண்டாம்.

கையில் கட்டோடு உட்கார்ந்து யோசித்தபோதுதான் மணி பக்கத்து நியாயம் புரிந்தது. ஒன்பது வருஷமாக நான் படுக்கும் கட்டிலில், நான் சாப்பிட உட்காரும் நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவரை அழைத்துவந்து உட்காரவைத்தால் நான் என்ன செய்வேன்? கடிக்க மாட்டேன். ஆனால், பேசும் பேச்சு கடியைவிட மோசமாக இருக்கும்.

ஆகவே, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். பொக்கியைக் கொல்லைப்பக்க மோட்டார் ரூமில் வைத்தோம். கதவை மூடினால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. தனித் தட்டு, தனித் தண்ணீர்ச் சட்டி, தனித் துடைப்பம். பதினாலு நாள். ‘அடிபட்ட ஜீவனைத் தனியா அடைச்சு வைக்கிறியே, பாவம் இல்லையா?’ என்று மாமியார் கேட்டார். இரண்டு காரணம் சொன்னேன்.

ஒன்று, நோய். பார்வோ வைரஸ் உள்ளே போன மூன்றிலிருந்து ஏழு நாளில், சில சமயம் அதற்கும் தாமதமாக, வாந்தியும் ரத்தபேதியுமாக வெளியே வரும். டிஸ்டெம்பர் இன்னும் மெதுவாக வரும். வந்த அன்றைக்கு நாய் நன்றாகத்தான் இருக்கும். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால்தான் துடைப்பம்கூடத் தனி. உண்ணியையும் மறக்காதீர்கள். மழை விட்ட பிறகு நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சலுக்குப் பஞ்சமே இல்லை.

இன்னொன்று, அந்த நாய்க்குத் தூக்கம் வேண்டும். அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட நாய்களை ஓரிரு ராத்திரி மட்டும் வீடுகளில் தங்கவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. வீட்டில் இருந்தபோது அவற்றின் உடம்பில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருக்கிறது. நீண்ட நேரம் ஓய்வெடுத்திருக்கின்றன. திரும்பக் காப்பகம் போனதும் அழுத்தம் பழைய அளவுக்கு ஏறிவிட்டது. நிம்மதியாக ஒரு மூலை கிடைத்தாலே நாய்க்குப் பாதி வைத்தியம். பொக்கி முதல் மூன்று நாள் சாப்பிடவும் மூத்திரம் போகவும் மட்டும்தான் எழுந்தாள்.

இந்தப் பதினாலு நாளும் சும்மா இருக்கவில்லை. மூன்று பேர் படுத்த சாக்குகளையும் தினமும் இடம் மாற்றிப் போட்டோம். நாய்க்கு அறிமுகம் என்பது மூக்கு வழியாகத்தான். முதல் நாள் பொக்கியின் சாக்கைப் பார்த்ததும் மணி அதன் மேல் ஒரு காலைத் தூக்கிவிட்டுப் போய்விட்டான். மூன்றாம் நாள் நின்று நிதானமாக மோந்தான். ஐந்தாம் நாள் அதன் மேலேயே படுத்துத் தூங்கினான். செவலை முதல் நாளே தூங்கிவிட்டாள். அவள் கதையே வேறு.

அடுத்தது நேரடிச் சந்திப்பு. ‘இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில் சந்திக்கவையுங்கள்’ என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் சுலபமாக எழுதிவிடுகிறார்கள். நம் ஊரில் நாய்க்குச் சொந்தமில்லாத இடம் எங்கே இருக்கிறது? கடற்கரைக்குப் போனால் குப்பத்து நாய்கள். ரோட்டுக்கு வந்தால் டீக்கடை கோஷ்டி. அர்ச்சுனன் தபசு பக்கம் போனால் சுற்றுலா வந்த கூட்டம். கடைசியில் திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒரு மனைப்பிரிவு கண்ணில் பட்டது. வரிசையாக மஞ்சள் கல் நட்டு, வளைவு வைத்து, யாருமே வீடு கட்டாமல் கிடக்கும் லேஅவுட். ஆள் இல்லை, சோறு போடுபவர் இல்லை, அதனால் நாயும் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் இப்படிப்பட்ட இடத்துக்கா குறைச்சல்? உங்கள் பக்கத்திலும் நாலு இருக்கும் சகோதரி.

தினமும் காலை ஆறு மணிக்கு வேன் பிடித்த கல்யாண கோஷ்டி மாதிரி கிளம்புவோம். மணி என் வீட்டுக்காரர் கையில், பொக்கி மகள் கையில். வழியில் பார்த்த மீன்கார அக்கா, “இன்னாம்மா, எடம் பாக்கப் போறதுக்கு நாயெல்லாம் இட்டுனு போறீங்க?” என்று கேட்டார்.

முதல் நாள் 30 அடி இடைவெளி. ரெண்டும் ஒரே திசையில், ரோட்டின் இரண்டு ஓரத்தில் நடக்க வேண்டும். எதிரெதிராகக் கூட்டி வரக் கூடாது. நேருக்கு நேர் வருவது நாய் பாஷையில் சவால். வாரை இழுத்துப் பிடிக்கவும் கூடாது. கையில் இறுக்கம் வந்தால், ‘ஏதோ ஆபத்து, அதான் இவர் பிடிக்கிறார்’ என்று கழுத்து வழியாக நாய்க்குத் தகவல் போய்விடும். என் வீட்டுக்காரருக்கு இதைப் புரியவைக்கத்தான் மணிக்குப் புரியவைத்ததைவிட அதிக நாளானது. மணி அமைதியாகப் பொக்கியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால், வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு. பொக்கி தெரிந்தால் ஈரல், பொக்கி மறைந்தால் ஈரல் இல்லை. இந்தக் கணக்கு மணிக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

ஆறாம் நாள் பின்பக்கமாக மோந்து பார்க்கவிட்டோம். மூன்று எண்ணுவதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும். மறுபடி நடை. மறுபடி மூன்று எண்ணிக்கை. முதல் சந்திப்பிலேயே ‘பழகட்டும்’ என்று விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

எதைப் பார்த்து நிறுத்துவது? அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். பின்னங்கால்களில் நின்று தவம் செய்ய, சுற்றி எலிகள் கும்பிட்டுக்கொண்டிருக்கும். ஆடாமல் அசையாமல் நிற்கிறதே என்று அந்தப் பூனையை நம்பினால் எலிகளின் கதை முடிந்தது. நாயும் அப்படித்தான். வால் மட்டும் இல்லாமல் இடுப்பே ஆடினால், உடம்பு தளதளவென்று இருந்தால், நல்லது. முகத்தைத் திருப்புவது, கொட்டாவி விடுவது, மூக்கை நக்குவது எல்லாம் ‘எனக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கு’ என்பது. வால் கம்பி மாதிரி மேலே நின்று, வாய் மூடி, உடம்பு உறைந்துபோனால், அது தபசுப் பூனை. உடனே, சத்தம் போடாமல், கூப்பிட்டு விலக்குங்கள். முதல் நாள் மணி சிலையாக நின்றதை நான் சம்மதம் என்று நினைத்தேனே, அது இதுதான்.

உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். உறுமல் என்பது ஹாரன். ஈ.சி.ஆரில் ஹாரனைப் பிடுங்கிவிட்டு லாரியை விட்டால் எப்படி இருக்கும்? அதட்டி அதட்டி உறுமலை நிறுத்திய நாய், அடுத்த முறை சொல்லாமல் கொள்ளாமல் கடிக்கும்.

இவ்வளவும் செய்து, மூன்றாம் வாரம் வீட்டுக்குள் விட்டு, எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நான் பெருமையடித்த அன்றைக்குத்தான் அது நடந்தது. மீன்கார அக்கா பாசமாக ஒரு கானாங்கெளுத்தித் தலையை வாசலில் போட்டுவிட்டுப் போனார். இந்த முறை மணி இல்லை, செவலை! சோறு வந்தால் போதும் என்று இருந்தவள், மீன் தலைக்காகப் பொக்கியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் புரட்டிவிட்டாள். நல்ல வேளையாக இந்த முறை கையை விடவில்லை. கனமான போர்வையை மேலே போட்டு, அவை திகைத்த நொடியில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாலும் பிரியும்.

பொக்கியின் காலில் இருந்த கட்டு அவிழ்ந்து, மறுபடி ரத்தம். அப்போதுதான் என் வீட்டுக்காரர் அந்த வசனத்தைச் சொன்னார்.

தம்பிக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “சரிக்கா. வேற எடம் கிடைக்கல. எடுத்த எடத்துலயே விட்டுடறேன்” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எடுத்த இடத்தில் இப்போது அந்தப் படகுகூட இல்லை. மூன்று காலில் நொண்டும் நாயைக் குப்பத்து நாய்கள் எத்தனை நாள் விட்டுவைக்கும்?

நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் பழைய மாதக் காலண்டரைக் கிழித்து, பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஷிஃப்ட் டூட்டி பார்த்தே ரிட்டையர் ஆனவர். ‘காலை 6 - 10: மணி, பொக்கி திண்ணை, செவலை உள்ளே. 10 - 2: செவலை வெளியே, பொக்கி மோட்டார் ரூம்.’ கீழே சிவப்பு மையில்: ‘மீன், எலும்பு, வாசலில் எவரும் போடக் கூடாது.’ மறுநாள் அதை மீன்கார அக்காவிடமே படித்துக் காட்டினார்.

அந்தக் காகிதம்தான் எங்களைக் காப்பாற்றியது. சாப்பாடு மூன்று பேருக்கும் மூன்று இடத்தில், கதவு மூடி. சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவிட்டுத்தான் கதவைத் திறப்போம். பந்து, எலும்பு, நான் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்து இடம் எல்லாமே சண்டைப் பொருள்தான். கொஞ்சும்போதும் பழைய நாய்க்கு முதலில், தனியாகக் கொஞ்ச நேரம். புதுசு வந்ததால் தன் பங்கு குறையவில்லை என்று அதற்குத் தெரிய வேண்டும். பெட்டைக்கும் பெட்டைக்கும் சண்டை வந்தால் அது லேசில் தீராது என்பார்கள். செவலைக்கு ஏற்கெனவே கருத்தடை ஆகியிருந்தது, பொக்கிக்குக் கால் ஆறியதும் டாக்டர் செய்துவிட்டார். பாதிச் சூடு தணிந்தது.

மணி மட்டும் படியருகே பொக்கி வந்தால் உறுமிக்கொண்டே இருந்தான். பொறாமை என்றே நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். டாக்டர் அவன் இடுப்பைத் தொட்டதும் ‘கய்ய்’ என்றான். மூட்டு வலி. படி ஏறும்போது யாராவது இடித்துவிடுவார்களோ என்ற பயம். மருந்து ஆரம்பித்த பத்து நாளில் பாதி உறுமல் போய்விட்டது. வயசான நாய் திடீரென்று சிடுசிடுத்தால் முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்காக நம் வீட்டு பாராசிட்டமாலையும் ஐபுபுரோஃபெனையும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அது விஷமாகலாம்.

ஏழாவது வாரம் ஒரு மத்தியானம் பார்த்தேன். திண்ணையில் மூன்றும் படுத்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று மூன்றடி இடைவெளி. ஒட்டிக்கொண்டு தூங்கும் போட்டோவெல்லாம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் மாதிரி. அது போதும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன் சகோதரி. மூன்று நாள் என்பது ஒன்றுமே இல்லை. காப்பகக்காரர்கள் ‘மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் தெளிய மூன்று நாள், வீட்டுப் பழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம். வேதவாக்கு இல்லை; ஆனால், அவசரப்படாமலிருக்க உதவும். இன்றைக்கே மூன்றையும் பிரித்துவிடுங்கள். வீட்டில் தனி ரூம் இல்லையென்றால் பாத்ரூம், மொட்டை மாடிப் படிக்குக் கீழே, எதுவானாலும் சரி. வெயிலும் மழையும் படாமல், கதவு மூடினால் போதும். புதுசைக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் குடற்புழு மருந்து, தடுப்பூசி எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய இரண்டையும் சேர்த்து அறிமுகம் செய்யாதீர்கள். அதில் சாதுவானது எதுவோ அதை முதலில், தனியாக. இரண்டும் சேர்ந்தால் அது கோஷ்டி. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், நாய்கள் ஒன்றாக இருக்கும் இடத்தில் பெரியவர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட விடாதீர்கள்.

எல்லாம் செய்தும் ஆகவில்லை என்றால்? சில ஜோடிகளுக்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு முறையும் ரத்தம் வருகிறது, ஒன்று சாப்பிடாமல் மூலையிலேயே கிடக்கிறது என்றால் வேறு ஃபாஸ்டர் வீடு தேடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், ராத்திரியில் டூ-வீலரில் வைத்துக் கொண்டுபோய் வேறு ஏதோ தெருவில் இறக்கிவிடும் வேலை மட்டும் வேண்டாம். அந்தத் தெரு நாய்கள் அதை என்ன செய்யும் என்பது உங்கள் மகளுக்கே தெரியும். கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த தெருநாயை, வெறியோ மூர்க்கமோ இல்லாவிட்டால், பிடித்த அதே இடத்தில்தான் விட வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. சென்னையில் புளூ கிராஸ் 1960-களிலிருந்தே வலியுறுத்தி, 1996-ல் மாநகராட்சி ஏற்றுக்கொண்ட முறையும் அதுதான்.

பொக்கி எங்களிடம் பத்து நாள் இல்லை, மூன்று மாதத்துக்கும் மேல் இருந்தாள். 2023 மார்ச் கடைசியில் மதுராந்தகத்தில் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது. அவர்கள் வீட்டிலும் ஒரு நாய் உண்டு. என் வீட்டுக்காரர் காலண்டர் காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கையோடு கொடுத்தனுப்பினார். அவள் போன அன்று மணி மோட்டார் ரூம் கதவருகே போய் நின்றான். கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே போய் அவள் சாக்கை ஒரு சுற்றுச் சுற்றி மோந்துவிட்டு, அதன் மேல் படுத்துக்கொண்டான். மத்தியான சாப்பாட்டுக்கு வரவில்லை. ராத்திரி வந்தான்.

சகோதரி, பதினாலு நாள் கழித்து இன்னொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று பார்ப்போம்.

(அடுத்த வாரம்: காதுக்குள், விரலிடுக்கில்... உண்ணி எங்கெங்கே ஒளிந்திருக்கும்?)